கிருமி சாட்சி சொல்லுமா? ஹவுரா ஊசி முதல் ஆந்த்ராக்ஸ் கடிதம் வரை... நுண்ணுயிர் தடயவியல் எப்படி வேலை செய்கிறது?

1933 நவம்பர் 26. கல்கத்தாவின் ஹவுரா ரயில் நிலையம். எப்போதும் போல நெரிசல். இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் பாக்கூர் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த 20 வயது அமரேந்திர சந்திர பாண்டே, ஊருக்குக் கிளம்ப ரயிலேற வருகிறார். கூட்டத்தில் கதர் உடுத்திய ஒரு ஆள் அவரை உரசிக்கொண்டு போகிறான். அடுத்த நொடி வலது கையில் சுருக்கென்று ஒரு வலி. யாரோ குத்திவிட்டதாக அமரேந்திரா சொல்வதற்குள் அந்த ஆள் கூட்டத்தில் கரைந்துவிட்டான்.

உடனே ரத்தத்தைப் பரிசோதிக்கலாம் என்று உடன் வந்த உறவினர்கள் கெஞ்சினார்கள். ஆனால் வழியனுப்ப யாரும் கூப்பிடாமலேயே வந்திருந்த மாற்றாந்தாய் மகன் பினயேந்திரா, இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிரித்துத் தள்ளி, தம்பியை ரயிலேற்றிவிட்டார். மூன்று நாளில் காய்ச்சலோடு அமரேந்திரா கல்கத்தா திரும்பினார். கையைப் பார்த்த டாக்டர், ஊசி குத்தியது போல ஒரு தடம் இருப்பதைக் கவனித்தார். அக்குளில் வீக்கம், நுரையீரலில் பாதிப்பு, பிறகு கோமா. டிசம்பர் 4 அதிகாலை உயிர் போய்விட்டது.

சான்றிதழில் எழுதப்பட்ட காரணம் நிமோனியா. ஆனால் உயிரோடு இருந்தபோது எடுத்த ரத்தத்தின் ரிசல்ட், அவர் இறந்த பிறகு ஆய்வகத்திலிருந்து வந்தது. அதில் இருந்தது பிளேக் கிருமி.

கல்கத்தாவில் அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் பிளேக் பதிவாகவே இல்லை. ஊரில் இல்லாத நோய் ஒரே ஒருத்தருக்கு மட்டும், அதுவும் கையில் ஊசித் தடத்தோடு வருகிறது என்றால்?

இந்தியாவில் கிருமியே கொலை ஆயுதமாக நீதிமன்றம் ஏறிய வழக்கு இப்படித்தான் தொடங்கியது. கிருமியை வைத்துக் குற்றத்தைத் துப்பறியும் இந்தத் துறைக்கு இன்று 'நுண்ணுயிர் தடயவியல்' என்று பெயர். கிருமியால் என்ன சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதில்தான் சிலரின் உயிரே ஊசலாடியிருக்கிறது. வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

கிருமி 'என்ன' என்று சொன்னது... 'யார்' என்று சொன்னது எது?

பாக்கூர் வழக்கில் ரத்தத்தில் இருந்த கிருமி, இது சாதாரண நிமோனியா இல்லை என்று மட்டும்தான் சொன்னது. பினயேந்திராவின் பெயரை அது சொல்லவில்லை. அதைச் சொன்னவை ஹோட்டல் பில்கள்.

அப்பா விட்டுப்போன சொத்தில் இருவருக்கும் தகராறு. பினயேந்திராவுக்கு டாக்டர் தாராநாத் பட்டாச்சார்யா என்று ஒரு கூட்டாளி. பிளேக் கிருமி பத்திரமாக வளர்க்கப்பட்ட இடம் பம்பாயில் இருந்த ஹாஃப்கின் நிறுவனம். பிளேக்குக்கு மருந்து கண்டுபிடித்திருப்பதாகவும், சோதித்துப் பார்க்கக் கிருமி வேண்டும் என்றும் தாராநாத் அங்கே கேட்டுப் பார்த்தார். முறையான அனுமதி இல்லாமல் தர முடியாது என்று பதில் வந்தது. பிறகு இருவரும் பம்பாய்க்கே போய், ஆர்தர் ரோடு தொற்றுநோய் மருத்துவமனைக்குள் ஆராய்ச்சியாளர்கள் என்ற போர்வையில் நுழைந்தார்கள். நம்ப வைக்க, சந்தையில் எலிகூட வாங்கினார்கள். ஐந்தே நாளில், 1933 ஜூலை 12 அன்று, ஆராய்ச்சியை அப்படியே விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார்கள்.

1934 பிப்ரவரியில் கைது. பயணச்சீட்டு, ஹோட்டல் பதிவேட்டில் இருந்த கையெழுத்து, எலி வாங்கிய ரசீது என்று போலீஸ் ஒவ்வொன்றாகக் கோர்த்தது. எலித் தெள்ளுப்பூச்சி கடித்துக்கூட பிளேக் வந்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அறிவியல்படி அது தப்பான கேள்வியும் இல்லை. ஆனால் நீதிமன்றம் ஏற்கவில்லை. இருவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டது. 1936 ஜனவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கூடவே குற்றம் சாட்டப்பட்ட வேறு இரண்டு டாக்டர்கள் ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள்.

அன்று டிஎன்ஏ பரிசோதனை கிடையாது. அமரேந்திராவின் ரத்தத்தில் இருந்த கிருமியும் பம்பாய் மருத்துவமனைக் கிருமியும் ஒரே வம்சமா என்று பார்க்க வழியே இல்லை. இன்று அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி எவ்வளவு தூரம் கூட்டிப்போகும்? அதற்கு அமெரிக்காவின் ஆந்த்ராக்ஸ் வழக்கைத்தான் பார்க்க வேண்டும்.

பவுடர் நிரப்பிய கடிதங்கள்

ஆந்த்ராக்ஸ் என்றால் ஏதோ வெளிநாட்டு வியாதி என்று நினைக்க வேண்டாம். மாடு வளர்க்கிறவர்களுக்கு இது 'அடைப்பான்'. இந்த நோயில் செத்த மாட்டை அறுக்கக்கூடாது, ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று கால்நடை டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த பாக்டீரியா வெளிக்காற்று பட்டதும் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு விதை மாதிரி உறங்கும். மண்ணில் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். இந்த உறங்கும் நிலைக்கு 'ஸ்போர்' என்று பெயர். அதைக் காயவைத்துப் பொடியாக்கினால் கவரில் போட்டு அனுப்பலாம்.

அதைத்தான் ஒருவர் செய்தார். நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து சரியாக ஒரு வாரம் கழித்து, 2001 செப்டம்பர் 18 தேதியிட்ட தபால் முத்திரையோடு ஊடக அலுவலகங்களுக்குக் கடிதங்கள் போயின. அக்டோபர் 9 முத்திரையோடு செனட்டர்கள் டாம் டாஷல், பேட்ரிக் லேஹி இருவருக்கும் கடிதங்கள். 22 பேருக்குத் தொற்று ஏற்பட்டு, 5 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் இரண்டு பேர் வாஷிங்டன் தபால் ஊழியர்கள். கடிதத்தைத் திறக்காமலே, அதைப் பிரித்து அனுப்பும் வேலை பார்த்ததற்காகவே செத்துப்போனவர்கள். கனெக்டிகட்டில் 94 வயது மூதாட்டி ஒருவரும் பலியானார்.

முதல் கேள்வி, இது எந்த ரகம்? வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் பால் கெய்ம் குழு 'ஏம்ஸ்' என்று கண்டுபிடித்தது. இந்தப் பெயரே ஒரு குழப்பத்தில் பிறந்தது. 1981இல் டெக்சாஸில் செத்த ஒரு மாட்டிலிருந்து எடுத்த கிருமி இது. ஆனால் ராணுவ ஆய்வகத்துக்கு அது வந்த பெட்டியில் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் ஊர் முகவரி ஒட்டியிருந்ததால், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பார்சல் லேபிளை நம்பி ஊர் பெயர் வைத்த கதை!

ஏம்ஸ் என்று தெரிந்ததும் சந்தேகம் வெளிநாட்டிலிருந்து உள்நாட்டுக்குத் திரும்பியது. அது இருந்ததெல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வகங்களில்தான், அதிலும் பெரும்பாலும் அமெரிக்காவில். சரி, எந்த ஆய்வகம்? இங்கேதான் சிக்கல்.

உறை மோர் கணக்கு

பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்கி நம் வீட்டில் தயிர் போடுகிறோம். நம்மிடம் எதிர்வீட்டார் வாங்குகிறார். ஒரு தெரு முழுக்க ஒரே உறைதான். யார் வீட்டுத் தயிர் என்று கிண்ணத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஆய்வகங்களும் இப்படித்தான் கிருமியைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். அதிலும் ஆந்த்ராக்ஸ் மிக மிக மெதுவாக மாறுகிற பாக்டீரியா. எந்த ஆய்வகத்து ஏம்ஸைப் பார்த்தாலும் டிஎன்ஏ கிட்டத்தட்ட அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும்.

துப்பு கிடைத்தது கண்ணால் பார்த்ததில். கடிதப் பொடியைத் தட்டில் வளர்த்தபோது, ராணுவ ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு ஊழியர், சில கிருமிக் கூட்டங்கள் மட்டும் நிறத்திலும் வடிவத்திலும் கொஞ்சம் வித்தியாசமாக இருப்பதைக் கவனித்தார். அவற்றின் டிஎன்ஏவை முழுதாகப் படித்ததில் குறிப்பிட்ட மரபணு மாற்றங்கள் தெரிந்தன. அப்படி நான்கு மாற்றங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று எங்காவது தற்செயலாக வரலாம். நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்து இருப்பது அபூர்வம்.

பிறகு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஸ்வீடன் என்று ஏம்ஸ் வைத்திருந்த ஆய்வகங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை எஃப்பிஐ வாங்கிச் சோதித்தது. நான்கு மாற்றங்களும் இருந்தவை வெறும் 8 மாதிரிகள். எட்டுமே ஒரே குடுவையிலிருந்து கிளைத்தவை. மேரிலாந்து ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வகத்தில் இருந்த 'ஆர்எம்ஆர் 1029' என்ற குடுவை அது. பொறுப்பாளர், ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி விஞ்ஞானி புரூஸ் ஐவின்ஸ். விசாரணையின் தொடக்கத்தில் கடிதப் பொடியைப் பரிசோதிக்க எஃப்பிஐக்கே உதவியவர்!

சினிமா என்றால் இங்கே கைவிலங்கோடு படம் முடிந்திருக்கும்.

குடுவை தெரிந்தது... கை தெரியவில்லை

அந்தக் குடுவையைத் தொடும் வாய்ப்பு இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். ஐவின்ஸ் இரவில் தனியாக ஆய்வகத்தில் இருந்த நேரங்கள், அவரது மனநிலை, மின்னஞ்சல்கள் என்று மற்ற தகவல்களை வைத்துத்தான் எஃப்பிஐ அவரை நெருங்கியது. குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே, 2008 ஜூலை 29 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார். வழக்கு நீதிமன்றத்தைப் பார்க்கவே இல்லை. 2010 பிப்ரவரியில் கோப்பை மூடினார்கள்.

அடுத்த வருஷமே அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமியின் ஆராய்ச்சிக் குழு, எஃப்பிஐ பயன்படுத்திய அறிவியலை அலசி அறிக்கை தந்தது. கடிதக் கிருமி அந்தக் குடுவையோடு ஒத்துப்போகிறது, ஆனால் அறிவியல் ஆதாரத்தை மட்டும் வைத்து அது எங்கிருந்து வந்தது என்று உறுதியாக முடிவு கட்ட முடியாது என்பதே அதன் சாரம்.

மாதிரி விஷயத்தில் நடந்த ஒரு சொதப்பலையும் சொல்லியாக வேண்டும். 2002 பிப்ரவரியில் ஐவின்ஸ் முதலில் கொடுத்த மாதிரி, சொன்ன முறைப்படி இல்லை என்று நிராகரிக்கப்பட்டு அழிக்கப்பட்டது. ஏப்ரலில் மறுபடி கொடுத்ததில் அந்த மாற்றங்கள் இல்லை. வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று எஃப்பிஐ சொன்னது. முதல் மாதிரியின் நகல் ஒன்று அரிசோனாவில் பால் கெய்ம் ஆய்வகத்தில் தப்பிப் பிழைத்திருந்தது. பல வருஷம் கழித்து அதைச் சோதித்தபோது மாற்றங்கள் இருந்தன. அதுவும் அழிந்திருந்தால் இந்தக் கோணமே விசாரணைக்குக் கிடைத்திருக்காது.

ஐவின்ஸுக்கு முன்னால் இன்னொருவர் இருக்கிறார். அவரைப் பற்றி இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. ஸ்டீவன் ஹாட்ஃபில் என்ற விஞ்ஞானியை, விசாரணைக்குரிய நபர் என்று 2002இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரலே டிவியில் சொன்னார். எங்கே போனாலும் பின்னால் கார், வீட்டில் சோதனை, வாசலில் கேமரா, வேலையும் போனது. கடைசியில் அவருக்கும் கடிதங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அரசே ஒப்புக்கொண்டது. 2008இல் கிட்டத்தட்ட 28 லட்சம் டாலர் ரொக்கமும், 20 வருஷத்துக்கு வருஷம் ஒன்றரை லட்சம் டாலரும் இழப்பீடாகத் தர ஒப்பந்தமானது. வாசலில் நின்றவை எங்களைப் போன்ற சேனல்களின் கேமராக்கள்தான் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஏடு பெயர்த்தவர் செய்த பிழை மாதிரி

ஆந்த்ராக்ஸ் மெதுவாக மாறும் கிருமி. எச்ஐவி நேர் எதிர். ஒரே மனிதரின் உடலுக்குள்ளேயே மாறிக்கொண்டே போகும் வைரஸ் அது. அதுவே விசாரணைக்கு வசதி.

தமிழ் படித்தவர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். ஒரு நூலின் பத்து ஓலைச்சுவடிகள் கிடைக்கின்றன. ஏடு பெயர்த்து எழுதியவர் ஓரிடத்தில் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதியிருந்தால், அந்தச் சுவடியைப் பார்த்து எழுதிய எல்லாவற்றிலும் அதே தப்பு தொடரும். பாடபேதங்களை ஒப்பிட்டு, எந்தச் சுவடி எதிலிருந்து வந்தது என்று பதிப்பாசிரியர் கிளை பிரிப்பார். எச்ஐவி விஷயத்திலும் இதே வேலைதான். வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது செய்த பிழைகளை ஒப்பிட்டு வம்சாவளி மரம் வரைவார்கள்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு டாக்டர், தன்னைவிட்டு விலகிய காதலியான நர்ஸுக்கு 1994 ஆகஸ்டில், வைட்டமின் பி12 என்று சொல்லி ஒரு ஊசி போட்டார். சில மாதங்களில் அந்தப் பெண்ணுக்கு எச்ஐவி உறுதியானது. டாக்டரிடம் சிகிச்சை பெற்ற ஒரு எச்ஐவி நோயாளியின் ரத்தம் அதே சமயத்தில் எடுக்கப்பட்டது, ஒளித்து வைத்திருந்த பதிவேட்டிலிருந்து தெரியவந்தது. அந்த நோயாளியின் வைரஸ், நர்ஸின் வைரஸ், அதே வட்டாரத்து மற்ற நோயாளிகளின் வைரஸ் எல்லாவற்றையும் இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியாக ஒப்பிட்டன. நர்ஸின் வைரஸ் அந்த நோயாளியின் கிளைக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. 1998இல் டாக்டருக்கு 50 வருஷச் சிறை. அமெரிக்கக் குற்றவியல் வழக்கில் இப்படி ஒரு வம்சாவளி மரம் சாட்சியாக ஏற்கப்பட்டது அதுவே முதல்முறை.

இங்கேயும் கவனியுங்கள். மரம் சொன்னது இரண்டு வைரஸும் நெருங்கிய சொந்தம் என்பதை மட்டும். இடையில் மூன்றாவது ஆள் ஒருவர் வழியாகக்கூட அது வந்திருக்கலாம் என்பதை மரத்தால் மட்டும் மறுக்க முடியாது. ஊசி போட்ட கையைக் காட்டியது அந்தப் பெண்ணின் சாட்சியமும் பதிவேடும்தான்.

தூக்குமேடை வரை போன நர்ஸுகள்

கிருமி குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பதைவிட, நிரபராதியைக் காப்பாற்றுவதில்தான் கெட்டி என்பது என் கருத்து. லிபியா வழக்கைப் படித்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

பெங்காசி நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு எச்ஐவி தொற்றியது தெரியவந்தது. 1998 மார்ச்சில் வேலைக்குச் சேர்ந்த பல்கேரிய நர்ஸுகள் ஐந்து பேரும், ஒரு பாலஸ்தீன டாக்டரும் வேண்டுமென்றே பரப்பியதாகக் கடாஃபி அரசு குற்றம்சாட்டியது. 1999இல் கைது. மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்துதான் வாக்குமூலம் வாங்கினார்கள் என்று அவர்கள் பிறகு சொன்னார்கள். 2004இல் மரண தண்டனை. எச்ஐவியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான லூக் மோன்தான்யே, மருத்துவமனையின் சுகாதாரக் குறைபாடே காரணம் என்று கொடுத்த அறிக்கையை நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது.

மறுவிசாரணைத் தீர்ப்புக்கு முன்பாக, 2006 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. பிள்ளைகளின் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி வைரஸ்களில் சேர்ந்திருந்த பிழைகளை எண்ணி, இவ்வளவு பிழை சேர எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டிருந்தார்கள். விடை, 1998 மார்ச்சுக்கு முன்பே அந்த வைரஸ் அந்த மருத்துவமனையில் பரவிக்கொண்டிருந்தது. நர்ஸுகள் அந்த ஊருக்கு வருவதற்கு முன்பே!

டிசம்பர் 19 அன்று நீதிமன்றம் மறுபடியும் மரண தண்டனையையே கொடுத்தது. அறிவியல் வாசல் வரை வந்தும் கதவு திறக்கவில்லை. கடைசியில் ஐரோப்பிய நாடுகளின் பேச்சுவார்த்தைதான் தண்டனையை ஆயுளாகக் குறைக்க வைத்தது. 2007 ஜூலை 24 அன்று விமானத்தில் பல்கேரியா போய் இறங்கியதும் அந்நாட்டு அதிபர் மன்னிப்பு வழங்கினார். சிறையில் கழிந்தது எட்டு வருஷத்துக்கும் மேல். பெற்றோர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பிள்ளைகளுக்கு யாருடைய அலட்சியத்தால் தொற்றியது என்பதற்கு அவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவே இல்லை.

அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் துலியோ டி ஒலிவேரா. பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2021இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒமைக்ரான் பற்றி உலகத்துக்கு அறிவித்த அதே விஞ்ஞானிதான்.

பிணத்தின் கடிகாரம், மவுஸில் ரேகை

இப்போது ஆராய்ச்சி வேறு பக்கமும் போகிறது. இறந்த உடலில் கிருமிகள் ஒரு வரிசைப்படி வந்து குடியேறுகின்றன. அமெரிக்காவில் தானமாகக் கிடைத்த 36 உடல்களை, வெவ்வேறு தட்பவெப்பம் உள்ள மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே கிருமிக் கூட்டம். அதை வைத்து இறந்த நாளைச் சுமார் மூன்று நாள் வித்தியாசத்தில் கணிக்கலாம் என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கீபோர்டிலும் மவுஸிலும் ஒட்டியிருக்கும் தோல் பாக்டீரியாவை வைத்து, அது யாருடையது என்று பொருத்திப் பார்க்கும் ஆய்வு 2010இலேயே கொலராடோவில் நடந்தது. ஒரு சிலரை மட்டும் வைத்துச் செய்த சோதனை அது, கைரேகைக்கு மாற்று என்று இப்போதே கிளம்பிவிட வேண்டாம்.

நம் ஊரில் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பது டயாட்டம் பரிசோதனை. கிணற்றிலோ ஏரியிலோ உடல் கிடந்தால், மூழ்கி இறந்தாரா, கொன்று போட்டார்களா என்று சந்தேகம் வரும். டயாட்டம் என்பது தண்ணீரில் வாழும், கண்ணாடி மாதிரி ஓடு கொண்ட, கண்ணுக்குத் தெரியாத பாசி. உயிரோடு மூழ்கியவர் தண்ணீரை இழுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய், துடிக்கும் இதயம் வழியாக எலும்பு மஜ்ஜை வரை சேரும். இறந்த பிறகு தூக்கிப் போட்டிருந்தால் அவ்வளவு தூரம் போகாது. மஜ்ஜையில் இருப்பதும் அந்த ஏரித் தண்ணீரில் இருப்பதும் ஒரே ரகமா என்றும் ஒப்பிடுவார்கள். ஆய்வகத் தண்ணீரிலிருந்தே டயாட்டம் கலந்துவிடும் ஆபத்து இருப்பதால், இதை மட்டும் நம்பி முடிவெடுக்க டாக்டர்களே தயங்குவார்கள்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி, நிபுணரின் கருத்து சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் அது கருத்துதான். ஏற்பதும் மறுப்பதும் நீதிபதி கையில். ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆவது பிரிவு சொல்கிறது.

ரத்தக்கறை காய்ந்தாலும் டிஎன்ஏ எடுக்கலாம். கிருமி அப்படி இல்லை. உயிருள்ள தடயம் அது. மாதிரியை வெயிலில் வைத்தால் சாகும், பையைத் திறந்து வைத்தால் வேறு கிருமி சேரும், பெட்டிக்குள் சும்மா இருக்கும்போதே பெருகி மாறும். அதனால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி ஆய்வக முடிவைப் பற்றி இருக்காது. மாதிரியை எடுத்தது யார், எந்தப் பாட்டிலில், எத்தனை மணிக்கு, ஆய்வகம் சேரும்வரை ஐஸ் பெட்டி யார் கையில் இருந்தது? ஹவுரா வழக்கில் எலி வாங்கிய ரசீது செய்த வேலையை, இன்றைய வழக்கில் ஐஸ் பெட்டி மேல் போட்ட கையெழுத்துகள் செய்ய வேண்டியிருக்கிறது.